ஓலை வாசித்த பிறகு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் மனத்தில் உதித்ததல்ல. ஜப்பானிய மொழிப் பாடப்புத்தகத்தில் ஒரு பயிற்சியிலிருந்து வந்தது. ஓய்வு பெற்றதும் மூளைக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்று டாக்டர் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் குறுக்கெழுத்துப் போட ஆரம்பித்தார். நான் கொஞ்சம் பெரிதாகக் கைவைத்துவிட்டேன்.

அந்தப் புத்தகத்தில் யமாதா என்று ஒருவர் வருகிறார். எழுந்த பிறகு பல் துலக்குவார். பல் துலக்கிய பிறகு பேப்பர் படிப்பார். தூங்குவதற்கு முன் குளிப்பார். பல் துலக்காமல் ஒரு நாளாவது காப்பி குடித்திருப்பாரா என்றால் கிடையாது. எது முன்னால், எது பின்னால் என்று சொல்வதற்கே ஒரு முழுப் பாடம். ஒன்றைச் செய்துவிட்டு அடுத்ததற்குப் போனால் 'தே கரா'. செய்வதற்கு முன் என்றால் 'மாஏ நி'. செய்த பிறகு என்றால் 'அதோ தே'. இங்கிலீஷ்காரன் இதற்குத் தலையைப் பிய்த்துக்கொள்வானாம். நமக்கு அவ்வளவு சிரமமில்லை. 'நாளைக்கு அவன் வந்த பிறகு' என்கிறோமே, கவனித்திருக்கிறீர்களா? அவன் வரப்போவது நாளைக்கு. ஆனாலும் 'வந்த' என்கிறோம். வராதவனை வந்தவனாக வைத்துக்கொண்டுதான் மேலே பேசவே ஆரம்பிக்கிறோம். ஜப்பானியரும் அப்படித்தான். [இந்த இடத்தில் இரண்டு மொழிக்கும் ஒரே தாய் என்று கிளம்புகிறவர்கள் உண்டு. நான் அந்தச் சண்டைக்கு வரவில்லை.]

பயிற்சி இதுதான்: 'கல்யாணத்துக்கு முன் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?' என்னைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். எழுதும்படி ஒன்றும் செய்திருக்கவில்லை என்று தெரிந்தது. அதனால் ராயபுரத்தில் ஜெயக்கொடி என்று ஒரு பெண்ணை உட்காரவைத்து அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அவள், 'கல்யாணத்துக்கு முன்' என்பதிலேயே தகராறு செய்தாள்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

'1954. சென்னைத் துறைமுகத்தில் பனிமூட்டம் மெல்ல விலகியபோது, அந்த ஜப்பானியக் கப்பல்—'

வேண்டாம். நம் துறைமுகத்தில் ஏது பனிமூட்டம்? கரித்தூள் பறக்கும். அதுவும் மெல்ல விலகாது.

இரண்டாம் முயற்சி:

'பினாங்கில் இருந்தபோது ஜெயக்கொடி ஒருவனைக் காதலித்தாள். போர் முடிந்த பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவன் சயாமுக்கு ரயில் பாதை போடப் போனான். அதன்பின்—'

இதை இரண்டு பக்கம் எழுதினேன். நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் படித்துப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. முப்பது வயதைத் தாண்டியும் ஒரு பெண் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்றால் உடனே அவளுக்காக ஒருவனைச் சாகடித்துவிடுகிறோம். ஜெயக்கொடிக்கு அப்படி யாரும் இருக்கவில்லை. அவள் அப்பா பினாங்கில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். சண்டைக்காலத்தில் ஜப்பான்காரன் அங்கே வந்தான், பள்ளிக்கூடத்தில் ஜப்பானிய மொழி வந்தது, இவளுக்கு ஜப்பானியக் கப்பல் கம்பெனியில் டெலிபோன் எடுக்கும் வேலை வந்தது. போர் முடிந்தது. அப்பா அங்கேயே காய்ச்சலில் போய்ச்சேர்ந்தார். அம்மா பாக்கியத்தம்மாளும் தங்கை தங்கபுஷ்பமும் இவளுமாக ராயபுரம் கல்மண்டபம் பக்கம் ஒரு ஒண்டுக்குடித்தனத்தில் வந்து இறங்கினார்கள். பிறகு ஜப்பானியக் கப்பல்கள் மறுபடியும் வர ஆரம்பித்தன. துறைமுகத்துக்கு எதிரே ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் அந்த பாஷை தெரிந்த ஆள் தேவைப்பட்டது. இவள் போனாள். அந்த வேலை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கல்யாணம் ஆகாததற்குக் காரணம் இவ்வளவுதான்.

3

ஆகவே கதை துணி துவைப்பதிலிருந்து தொடங்குகிறது.

தாமஸ் துறைமுகத்தில் விஞ்சு ஓட்டுகிறவன். கப்பல் வயிற்றிலிருந்து சரக்கைத் தூக்கிக் கரையில் இறக்குகிற விஞ்சு. ராயபுரத்திலேயே பிறந்தவன், மூலக்கொத்தளம் தாண்டினால் வெளியூர் என்று நினைக்கிறவன். அன்று கப்பலின் மேட், அதாவது சரக்குக்குப் பொறுப்பான அதிகாரி, தான் துவைத்த துணியை எல்லாம் சரக்கு தூக்கும் கயிற்றிலேயே உலர்த்திவைத்திருந்தார். வேலை ஆரம்பிக்கும்போது தாமஸைப் பார்த்து ஏதோ நீளமாகச் சொன்னார். தாமஸுக்கு அதில் 'தூக்கு' என்ற ஒரு சொல் மட்டும்தான் தெரியும். தூக்கினான். மேட்டின் பனியன்களும் உள்ளாடைகளும் வரிசையாக மேலே போய், துறைமுகத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கரையில் நின்ற சுங்க அதிகாரி மேல் சொட்டின.

மேட் கத்த ஆரம்பித்தார். ஜெயக்கொடியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் மூச்சு வாங்கும்வரை அவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"இன்னாம்மா சொல்றாரு?" என்றான் தாமஸ்.

"துணிய எடுத்த பிறகு தூக்கச் சொன்னாராம். நீங்க தூக்குன பிறகு அவர எடுக்கச் சொல்லுதீங்களாம்."

"அத்த சொல்ல இம்மா நேரமா? மீதி எங்க?"

"மீதி உங்க அம்மாவப் பத்தி. அது வேண்டாம்."

தாமஸ் சற்று யோசித்தான். "எங்கம்மாவ அந்தாளு பாத்ததே இல்லியே" என்றான் வருத்தமாக. மறுநாள் மதியம் சரக்குக் கிடங்கு நிழலில் அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்து எதிரே உட்கார்ந்தான். "டீச்சர், எனுக்கும் அந்த பாஷையக் கத்துக்குடு. எவன் எங்கம்மாவத் திட்டினாலும் எனுக்குத் தெரியணும்."

இப்படித்தான் பாடம் ஆரம்பித்தது. யமாதா செய்ததை எல்லாம் தாமஸ் ராயபுரத்துக்குக் கொண்டுவந்தான். வேலைக்கு முன் டீ குடிக்கிறேன். வேலைக்குப் பிறகு டீ குடிக்கிறேன். "நடுவுல?" என்றாள் ஜெயக்கொடி. "நடுவுல குட்ச்சுகினே வேல செய்வேன்" என்றான். அந்தக் 'கினு'வுக்கும் ஜப்பானில் ஒன்று இருக்கிறது, 'நாகரா' என்று, என அவள் சொன்னதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. நம்ம பேட்டை பாஷை ஜப்பான் வரைக்கும் போயிருக்கிறது என்று விஞ்சு ஆட்களிடம் ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

[வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஜப்பானியரும் 'போய்விட்டு வருகிறேன்' என்றுதான் சொல்கிறார்கள். இதை வைத்து உருக்கமாக ஒரு முடிவு எழுதலாமே என்று தோன்றியது. தோன்றியதோடு சரி.]

3அ

(இது மூன்றுக்கு முன்னாலேயே வந்திருக்க வேண்டும். துணி பறந்த சந்தோஷத்தில் மறந்துவிட்டேன்.)

அந்த ஆபீசில் ஒரு விதி இருந்தது. பெண்கள் கல்யாணம் ஆகும்வரைதான் வேலை செய்யலாம். மேனேஜர் சுப்பராயன் மோசமான மனிதர் இல்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றே இதை எச்சரிக்கையாக இல்லாமல் ஒரு நல்வாழ்த்துப் போலச் சொன்னார்: "நல்ல இடத்துல கல்யாணம் ஆனதும் எங்களை விட்டுட்டுப் போயிடப் போறே!" ஜெயக்கொடி மரியாதைக்குச் சிரித்துவைத்தாள். கப்பல் ஏணியில் அவள் ஏறிப் போகும்போது கேப்டன்கள் எழுந்து நின்று தலை வணங்குவார்கள். கல்மண்டபத்தில் அவளுக்கு யார் தலை வணங்குவார்கள்? குழாயடியில் அவள் குடத்தை யாராவது தள்ளிவைக்காமல் இருந்தாலே பெரிய விஷயம். அதோடு வீட்டில் அடுப்பு எரிந்ததும் அவள் சம்பளத்தில்தான்.

4

தங்கபுஷ்பத்துக்கு வரன் வந்தது.

மாப்பிள்ளையின் அப்பா ஞானதுரை, கருப்பட்டி மொத்த வியாபாரம். அம்மா சிவந்தியம்மாள். அவர்களும் தெற்கேயிருந்து வந்தவர்கள், இவர்கள் போகிற சர்ச்சுக்கே வருகிறவர்கள். மாப்பிள்ளைக்குப் பெயர் வைக்க மறந்துபோனேன். அந்த வீட்டில் அவனை யாரும் எதுவும் கேட்பதில்லை என்பதால் கடைசிவரை தேவைப்படவும் இல்லை. புஷ்பத்துக்கு அவனைப் பிடித்திருந்தது. பாட்டுக்குழுவில் அவன் பின்வரிசை, அவள் முன்வரிசை. அவன் சுருதி விலகிப் பாடும்போதெல்லாம் அவள் திரும்பிப் பார்த்திருக்கிறாள்.

பேச்சு முடிகிற நேரத்தில் சிவந்தியம்மாள் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "எல்லாம் சரிதான். ஆனா மூத்தவ வீட்டுல இருக்கையில எளையவளுக்கு ஓல வாசிச்சா எங்க சனம் சிரிக்கும். மொதல்ல மூத்தவளுக்கு ஓல வாசிக்கட்டும். அதுக்குப் பொறவு எளையவளுக்கு வாசிப்போம்."

[ஓலை என்பது கல்யாண அறிவிப்பு. இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்க இருக்கிறது என்று மூன்று ஞாயிறு சர்ச்சில் போதகர் வாசிப்பார். பனை ஓலை காலத்துப் பெயர், காகிதத்துக்கு வந்த பிறகும் அப்படியே நின்றுவிட்டது. வாசித்து மூன்று மாதத்துக்குள் கல்யாணம் நடக்காவிட்டால் ஓலை காலாவதி. மறுபடியும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும்.]

அவர்கள் போன பிறகு புஷ்பம் அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். குழம்புக்குத் தேவையானதைவிட நிறைய உரித்தாள். "அக்கா, எனக்காக நீ ஒண்ணும் செய்யாண்டாம்" என்றாள். "வேலய விட்டுராத. நான் இப்படியே இருந்துக்கிடுதேன்."

பாக்கியத்தம்மாள் மூத்தவளைப் பார்த்தாள். "ஏட்டி, நீ ஒரு தலைய ஆட்டுனா ரெண்டு வெளக்கு எரியும்."

எரியும்தான். ஆனால் ஜெயக்கொடி ஏறிப் போகிற கப்பல் ஏணி போய்விடும். அவள் ராத்திரிச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

5

மறுநாள் பாடத்தில் 'முன்' வைத்து ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னாள். தாமஸ் கஷ்டப்பட்டுக் கோத்துச் சொன்னான்: "அம்மா சாவதற்கு முன் என் கல்யாணத்தைப் பார்க்க வேண்டும் என்கிறாள்."

"சரியாச் சொல்லிட்டீங்களே!"

"தெனம் கேக்கற டயலாக்கு டீச்சர். வரும்."

"உங்களுக்குக் கல்யாணத்துல விருப்பம் இல்லையா?"

"நிம்மதியா கீறேன். இன்னாத்துக்கு பேஜாரு?"

ஜெயக்கொடி பாட நோட்டை மூடிவைத்தாள். பிறகு கேட்டாள்: "தாமஸ், கல்யாணம் வேண்டாம். ஓலை மட்டும் வாசிக்கலாமா?"

இங்கே நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இப்படி ஒரு பெண் கேட்பாளா? அதுவும் அந்தக் காலத்தில், வேதபாடத்தில் பரிசு வாங்கியவள்? எனக்கே அவள் மேல் சந்தேகம் வந்துவிட்டது. இந்த வரியைத் தாமஸ் வாயில் போட்டுப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவன் அவ்வளவு தூரம் யோசிக்கிற ஆள் இல்லை. பிறகு, சண்டைக்காலத்தில் பினாங்கு ஆபீசில் துப்பாக்கி வைத்திருந்தவனிடம் டெலிபோன் லைன் கெட்டுப்போயிருக்கிறது என்று நேராக முகத்தைப் பார்த்துச் சொல்லிப் பிழைத்தவளாயிற்றே என்று நினைத்துப் பார்த்தேன். கேட்பாள்.

"இன்னாது?" என்றான் தாமஸ்.

"என் தங்கச்சிக்குப் பாத்த மாப்பிள்ளையோட அம்மா கேட்டது கல்யாணம் இல்ல. மூத்தவளுக்கு முதல்ல ஓலை. அவ்வளவுதான் அவங்க வாயில வந்தது. வாசிச்சிருவோம். புஷ்பத்துக்கு முடிஞ்ச பிறகு நம்ம ஓலை தானாக் காலாவதி ஆயிரும். உங்கம்மாவும் கொஞ்ச நாள் சும்மா இருப்பாங்க."

"ஆண்டவரு முன்னாலயே டபாய்க்கிறதா?"

"பொய் எங்க இருக்கு? கல்யாணம் நடக்க இருக்குன்னுதான் வாசிப்பாங்க. என்னைக்குன்னு வாசிக்க மாட்டாங்க."

தாமஸ் டீயைக் குடித்துக்கொண்டே யோசித்தான். துணி விவகாரத்திலிருந்தே அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவனுக்கு இருந்தது. "சரி டீச்சர்," என்றான், "மாட்டிக்கினா நீதான் பேசணும்."

6

முதல் ஞாயிறு ஓலை வாசித்தபோது பாக்கியத்தம்மாள் பக்கத்திலிருந்தவளின் கையைப் பிடித்து நசுக்கிவிட்டாள். "விஞ்சு ஓட்டுதவனாட்டி?" என்று கேட்க நினைத்தாள், சந்தோஷத்தில் கேட்கவில்லை. தாமஸின் அம்மா அழுதாள். இரண்டாம் ஞாயிறும் அழுதாள். மூன்றாம் ஞாயிறு அழுவதற்குச் சொந்தக்காரர்களையும் கூட்டிவந்திருந்தாள். சிவந்தியம்மாள் மூன்று வாரமும் முன்பெஞ்சில் உட்கார்ந்து தன் காதால் கேட்டாள். திருப்தி.

உடனே புஷ்பத்துக்கு ஓலை வாசித்தார்கள், தேதி வைத்தார்கள், கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை சுருதி விலகாமல் 'சம்மதிக்கிறேன்' என்றான். பந்தியில் பாயசம் போடும்போதுதான் சிவந்தியம்மாளுக்கு ஏதோ இடித்தது.

"ஏளா ஜெயக்கொடி, ஒனக்கு எப்பத் தேதி?"

"ஓலை வாசிச்சாச்சே அத்தை."

"நான் சொன்னது கல்யாணத்தல்லா!"

"நீங்க ஓலைன்னுதான் சொன்னீங்க. எல்லாருக்கும் கேட்டுச்சே."

சிவந்தியம்மாள் சாட்சிக்குச் சுற்றிலும் பார்த்தாள். எல்லாரும் பாயசத்தில் இருந்தார்கள். ஞானதுரை, "கேட்டுச்சுதான்" என்று சொல்லிவிட்டு அதற்காக வீட்டுக்குப் போய் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டார்.

ஆபீசிலும் சேதி போய்விட்டது. சுப்பராயன் கூப்பிட்டு வாழ்த்தினார். "கல்யாணம் என்னிக்கும்மா?"

"பிறகு சார்."

அவர் விதியை மனத்துக்குள் ஒருமுறை புரட்டிப் பார்த்தார். கல்யாணம் ஆன பிறகு வேலை கிடையாது. ஆவதற்கு முன் உண்டு. ஓலை வாசித்த பிறகு, கல்யாணத்துக்கு முன் என்று ஒரு நிலை உண்டு என்பதை விதி எழுதியவர்கள் யோசித்திருக்கவில்லை. "சரி, சரி" என்று ஒரு ஃபைலை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.

கெட்டிக்காரன் எழுதினால் கதை இங்கே முடிந்துவிடும். நானும் முடித்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் தாமஸ் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றிருந்தான்.

7

தாமஸின் அம்மா தினமும் மீன் குழம்பு அனுப்பினாள். ஜெயக்கொடி அதை ஒவ்வொரு நாளும் குற்ற உணர்ச்சியோடு இரண்டு தடவை ஊற்றிச் சாப்பிட்டாள். தாமஸின் ஜப்பானிய மொழி நிமிர்ந்துவிட்டது. மேட்டிடம் துணியை எடுத்த பிறகு தூக்கட்டுமா என்று அவனே கேட்க, மேட் திகைத்துப்போய் அவன் அம்மாவின் உடல்நலம் விசாரித்தார்.

ஜெயக்கொடிக்கு அவனைப் பிடித்துவிட்டது. இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மதியம் அவன் வரத் தாமதமானால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவனுக்கும் அப்படித்தான். ஆனால் அது அவர்களுடைய ஏற்பாட்டில் இல்லாத விஷயம், அதனால் இருவரும் ரொம்ப மரியாதையாகப் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

ஓலை காலாவதியாகிற வாரம் வந்தது.

"டீச்சர், முடியப்போவுது" என்றான்.

"தெரியும்."

"முடியட்டுமா?"

அவள் சாப்பாட்டுத் தூக்கின் மூடியைத் திருகித் திருகி மூடினாள். "வேலை போயிரும் தாமஸ்."

"வேலய வுடுன்னு நா சொல்லவே மாட்டேன். நீ கேப்டனாண்ட பேசறப்போ விஞ்ச நிறுத்திட்டு பாத்துகினு நிப்பேன். அத்த நிறுத்த சொன்னா நா மனுசனா?"

அவள் அழுதுவிட்டாள். துறைமுகத்தில் யார் பார்த்தாலும் கரித்தூள் என்று சொல்லிக்கொள்ளலாம். கண்ணைத் துடைத்துக்கொண்டபோது தாமஸ் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "மறுக்கா ஓல வாசிக்க சொல்லலாம். காசா பணமா?"

8

முடிவுகள்.

(அ) கல்யாணம் செய்துகொண்டாள். சுப்பராயன் வாழ்த்திப் பிரிவு உபசாரம் வைத்தார். ஜப்பானியக் கப்பல் வரும் நாளில் அவள் கல்மண்டபத்தில் மீன் கழுவிக்கொண்டு, சங்கு ஊதுவதைக் கேட்டு— இதை மேலே எழுத எனக்குக் கை வரவில்லை.

(ஆ) ஓலை காலாவதியாயிற்று. தாமஸின் அம்மா வேறு பெண் பார்த்தாள். ஜெயக்கொடி வேலையில் தொடர்ந்தாள், கேப்டன்கள் தலை வணங்கினார்கள். இதுவும் அப்படித்தான், வணங்குகிற இடத்தோடு நின்றுவிடுகிறது.

(இ) மறுபடியும் வாசித்தார்கள். காலாவதி. மறுபடியும். சபைக்கு மனப்பாடமாகிவிட்டது. குழந்தைகள் கூடவே சொல்லும். விதி மாறும்வரை வாசிப்பது என்று திட்டம். விதி எப்போது மாறும் என்று எனக்குத் தெரியாது, தெரிந்ததுபோல எழுதவும் மாட்டேன்.

கல்யாணமே செய்துகொண்டு ஆபீசில் சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். தாமஸின் அம்மா இருக்கும்வரை ராயபுரத்தில் எதையும் சொல்லாமல் இருக்க முடியாது.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அந்த வாரம் இருவரும் போதகரிடம் போய் மறுபடியும் ஓலை கொடுத்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி இருவரையும் பார்த்தார். "இந்தத் தடவை நிச்சயம்தானே?" என்றார். இருவரும் ஒரே நேரத்தில், "ஓலையா?" என்று கேட்டார்கள். அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு காகிதத்தை வாங்கிக்கொண்டார்.

ஞாயிறு. சர்ச் நிறைந்திருக்கிறது. சிவந்தியம்மாள் முன்பெஞ்சில். புஷ்பம் புதுப் புடவையில், பின்னால் திரும்பிப் பார்த்தபடி. தாமஸின் அம்மா கைக்குட்டையைத் தயாராக வைத்திருக்கிறாள். போதகர் பெயர்களை வாசித்து முடித்துவிட்டார். இனி எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்கிறார்: இவ்விருவரும் விவாகத்தில் இணைவதற்குத் தடை ஏதேனும் இருப்பதாக யாருக்காவது தெரிந்தால், இப்போதே சொல்ல வேண்டும்.

கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். வழக்கமாக அந்த இடத்தில் யாராவது இருமுவார்கள்.

முதல் தடவை வாசித்தது எதற்காக என்று நிச்சயமாகத் தெரிந்தவர்கள் இங்கே மூன்று பேர்தான், சிவந்தியம்மாளுக்கு இருப்பது சந்தேகம் மட்டும். நான் கணக்கில் இல்லை. எழுதுகிறவன் சாட்சி செல்லாது. ஒருவர் ஜெயக்கொடி, அவள் தன் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒருவன் தாமஸ், அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இந்தத் தடவை எதற்காக என்று அவர்களுக்கே தெரியவில்லை. அது தடையா, இல்லையா?

மூன்றாவது ஆள் நீங்கள். போதகர் காத்திருக்கிறார். எழுந்திருக்கப்போகிறீர்களா?